படகைக் கவிழ்த்தவன்

பூமாரியின் அப்பா சங்கையா தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் இன்னொரு மனுஷர் காலில் விழுந்தார். பீர்மேட்டுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், காலையில் பேர் கூப்பிட்டு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில், அத்தனை பேரும் வேலைக்குப் புறப்பட்டு நின்ற நேரத்தில் அது நடந்தது. விழுந்தது அழகுத்தாயின் காலில். தன் மகள் செய்ததற்குத் தன்னை மன்னித்துவிடச் சொல்லி எழுந்தவர், வேட்டியில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் மருந்தடிக்கிற ஆட்களோடு போய் நின்றுகொண்டார். களத்துக்கு மேலே வரிசை வீடுகளாக இருந்த லயத்து வாசலில் நின்று பூமாரி அதைப் பார்த்தாள்.

மகள் செய்யாத ஒன்றுக்காக அவர் விழுந்தார். செய்தவன் களத்து ஓரத்தில் ஜீப்பில் சாய்ந்து நின்று, பாவம் பெரியவர் என்ற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் பெயர் வேல்முருகன். தோட்டத்து சூப்பர்வைசர் மகன். சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டினான். தோட்டத்து இளைஞர் மன்றத்துக்குச் செயலாளரும் அவன்தான். கோயில் கொடைக்கு மைக்செட் கட்டுவதிலிருந்து ரத்ததானம் வரைக்கும் எல்லாவற்றிலும் முன்னால் நிற்பான். அவன் ஒரு காரியத்தை எடுத்தால் நடந்துவிடும் என்று பெரியவர்களே சொல்வார்கள். மன்றத்துப் பிள்ளைகளைக் கடற்கரை முகாமுக்கு அழைத்துப் போகிறேன் என்று அவன் சொன்னபோது, பெண் பிள்ளைகளை அனுப்பக்கூட வீடுகளில் யாரும் பெரிதாக யோசிக்கவில்லை.

பூமாரிக்கு அப்போது இருபது வயது. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அதனால் பாதி நாள் சாப்பாடும் தூக்கமும் பக்கத்து லயத்து அழகுத்தாய் வீட்டில்தான். அழகுத்தாயின் மகள் இந்துவும் அவளும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே போர்வைக்குள் கிடந்து வளர்ந்தவர்கள். இரண்டு பேரும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. ஆலப்புழைக்குப் பக்கத்துக் கடற்கரையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் இந்து செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கோயிலுக்குள் போகிறவள் மாதிரி மெதுவாக நடந்ததைப் பூமாரி பிற்பாடு பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

சவுக்குத் தோப்புக்குள் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். மறுநாள் காலையில் தண்ணீர் விளையாட்டு. காற்றடைத்த நீளமான ரப்பர் மிதவையில் வரிசையாக உட்காரவைத்து மோட்டார் படகால் இழுத்துப் போவார்கள். ஒரு திருப்பத்தில் வேண்டுமென்றே எல்லாரையும் தண்ணீரில் உருட்டிவிடுவார்கள். பையன்களுக்கெல்லாம் அதுதான் கொண்டாட்டம். பூமாரியும் இந்துவும் அது வேண்டாமென்று, இரண்டு பேர் துடுப்புப் போடுகிற கயாக் படகில் ஏறினார்கள். அலை உடைகிற இடத்தைத் தாண்டிவிட்டால் கடல் அங்கே குளம் மாதிரி கிடந்தது. லைஃப் ஜாக்கெட்டின் பட்டை கழுத்தை அறுக்கிறதென்று இந்து அதைத் தளர்த்திவிட்டிருந்தாள். பூமாரி தன் போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள்.

ரப்பர் மிதவை கொஞ்ச தூரத்தில் உருண்டது. எல்லாரும் ஒரு பக்கம் விழ, வேல்முருகன் மட்டும் தனியாக இந்தப் பக்கம் விழுந்தான். மோட்டார் படகு மற்றவர்களைப் பொறுக்குவதற்காக வளைந்து போனது. ஜாக்கெட் தயவில் மிதந்தபடி அவன் கயாக் பக்கம் வந்து விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தான். கவுத்துவிடட்டுமா என்று இந்துவைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு அவள்மேல் ஒரு கண் இருந்தது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். வேண்டாம்ணே, ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது என்று பூமாரி சொன்னாள். இரண்டாவது தடவை சொல்லும்போது கத்தினாள். அவன் சிரித்துக்கொண்டே முழு எடையையும் போட்டுத் தொங்கினான்.

படகு புரண்டபோது அதன் விளிம்பு இந்துவின் நெற்றியில் அடித்தது. தளர்ந்திருந்த ஜாக்கெட் தலைவழியாக உருவிக்கொண்டு மிதந்தது, இந்துவைக் காணவில்லை. பூமாரி கவிழ்ந்த படகின் முதுகைக் கட்டிக்கொண்டு அலறினாள். முகாமின் காவல் பையன் ஒருவன் நீந்தி வந்து முங்கித்தான் இந்துவை எடுத்தான். கரைக்குப் பக்கத்தில் வந்ததும், மோட்டார் படகு அதற்குள் ஏற்றி வந்திருந்த வேல்முருகன் அவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மணலில் ஓடினான். எல்லாரும் பார்த்தது அதைத்தான்.

என்ன நடந்தது என்று யாரும் பூமாரியிடம் கேட்பதற்கு முன்பே பதில் தயாராக இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வேல்முருகன் சொல்லிவிட்டான்: அவள் போட்டோ எடுக்கப் படகில் எழுந்து நின்றாள், படகு கவிழ்ந்துவிட்டது, நான் நல்ல வேளை பக்கத்தில் இருந்தேன். பூமாரியின் போன் கடலுக்குள் போயிருந்தது. நடுக்கடலில் உனக்குப் போன் எதுக்கு என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். அவள் சொன்ன எந்தப் பதிலும் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகவில்லை. இந்து பிழைத்து எழுந்தாள். ஆனால் படகில் ஏறியதிலிருந்து ஆஸ்பத்திரியில் கண் விழித்தது வரைக்கும் அவளுக்கு எதுவுமே நினைவில் இல்லை. டாக்டர்கள் தலையில் அடிபட்டால் அப்படித்தான் என்றார்கள். நினைவில்லாத அந்த இடத்தை வேல்முருகன் தன் கதையால் நிரப்பினான். தினமும் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் வந்து, ஆரஞ்சு உரித்துக் கொடுத்து, திரும்பத் திரும்பச் சொல்லி நிரப்பினான்.

தோட்டத்தில் பூமாரியோடு பேச்சு நின்றது. குழாயடியில் அவள் குடம் வைத்தால் பக்கத்துக் குடங்கள் நகர்ந்தன. அழகுத்தாய் ஒருநாள் லயத்து வாசலுக்கே வந்து, தன் கையால் சோறு தின்ன கை தன் பிள்ளையைத் தண்ணிக்குள் தள்ளிவிட்டதே என்று மண்ணை வாரி இறைத்துவிட்டுப் போனாள். அதற்கு அடுத்த நாள்தான் சங்கையா களத்தில் காலில் விழுந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்து, கறுப்புக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

“நெசமாவே நீ எந்திரிக்கலையா புள்ள?”

அவள் அவரைப் பார்த்தாள். “நீங்களுமாப்பா?”

அவர் காப்பியைக் குடிக்காமல் தரையில் வைத்தார். பூமாரிக்குள் ஏதோ ஒன்று அப்போது கெட்டிப்பட்டது. களத்தில் விழுந்ததைக்கூட அவள் தாங்கியிருப்பாள். சொந்த அப்பனுக்கே தன்மேல் சந்தேகம் வரும்படி ஒருவன் செய்துவிட்டானே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. இதற்கு அவன் பதில் சொல்லாமல் சாகக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். சாமி கேட்கும் என்று விட்டுவிட அவளுக்கு மனசில்லை. தானே கேட்க வேண்டும்.

அடுத்த மாதமே மலையிலிருந்து இறங்கினாள். எங்கே போனாலும் பிழைத்திருக்கலாம்; அவள் கடலுக்குத்தான் போனாள். கொல்லத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை முகாமில் சமையலுக்குக் கூடமாட உதவி செய்கிற வேலை கிடைத்தது. முகாமை நடத்தியவள் நிமி. இவளைவிடக் கொஞ்சம் மூத்தவள், வளவளவென்று பேசாதவள். பூமாரி வேலை முடிந்ததும் இடுப்பளவு தண்ணீரில் போய் மூச்சுப் பிடித்து நிற்பதைப் பார்த்துவிட்டு, பயமா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் பூமாரி. பின்னே எதுக்கு என்றதற்கு, பயம் இல்லாத இடத்தில் தனக்கு வேலை இல்லை என்றாள். நிமிக்கு அது புரியவில்லை; ஆனாலும் நீச்சல் சொல்லிக் கொடுத்தாள்.

பூமாரி கற்றுக்கொண்ட வேகம் ஆசையால் வந்ததில்லை. ஒவ்வொரு தடவை முங்கும்போதும் கண்ணுக்கு முன்னால் விளிம்பைப் பிடித்த இரண்டு கைகள் வந்தன. கைகளின் மயிரும், விரலில் கிடந்த வெள்ளி மோதிரமும் வந்தன. அவற்றை உதறிக்கொண்டு மேலே வருவாள். கயாக் ஓட்டக் கற்றாள், கவிழ்ந்த படகை நிமிர்த்தக் கற்றாள், முழுகுகிறவனைப் பின்னால் இருந்து பிடித்து இழுத்து வரக் கற்றாள். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கி, முகாமிலேயே பயிற்சியாளர் ஆனாள். வெயிலில் கறுத்தாள், முடியைக் கழுத்தளவு வெட்டிக்கொண்டாள், தோள் அகன்றது. இடையில் சங்கையா மாரடைப்பில் போய்விட்டார். அடக்கத்துக்குப் போனவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. இந்துவுக்கும் வேல்முருகனுக்கும் கல்யாணம் நடந்து ஒரு பெண் குழந்தையும் பிறந்திருந்ததை அங்கேதான் கேள்விப்பட்டாள். உயிரைக் காப்பாற்றியவனுக்கே கட்டிக் கொடுத்தோம் என்று அழகுத்தாய் யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவின் குழிமேட்டில் மண் போட்டுவிட்டு, வந்த பஸ்ஸிலேயே பூமாரி திரும்பினாள்.

அதற்கப்புறமும் மூன்று மழைக்காலம் போயிற்று. ஒருநாள் நிமி போனை வைத்துவிட்டு, பீர்மேட்டிலிருந்து ஒரு இளைஞர் மன்றம் முகாமுக்கு வருகிறது, உன் ஊர்க்காரர்கள்தான் என்றாள். பூமாரி துடுப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். சரி என்றாள். அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது. நிமி அதைக் கவனித்து, ஊர்க்காரர்கள் வருகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

வந்தவர்கள் பெரும்பாலும் புதிய பிள்ளைகள். பூமாரி ஊரைவிட்டு வரும்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்கள். மன்றத்தின் இப்போதைய செயலாளர் ஞானஜோதி என்கிற கல்லூரிப் பெண். வேல்முருகன் தலைவராகியிருந்தான். கன்னம் உப்பி, வயிறு விழுந்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். வருகிற பஞ்சாயத்துத் தேர்தலில் வார்டுக்கு நிற்கப் போகிறான் என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். அவனோடு இந்து வந்திருந்தாள். நெற்றியில் புருவத்துக்கு மேல் அந்தத் தழும்பு இருந்தது. குழந்தையை அழகுத்தாயிடம் விட்டுவிட்டு, புருஷன் வற்புறுத்தியதால் வந்திருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தாள்.

முகத்தில் வெள்ளையாக வெயில் களிம்பும், தலையில் தொப்பியும், வாயில் மலையாளமுமாக நின்ற பூமாரியை இரண்டு பேருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவளும் காட்டிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் பிள்ளைகளை மணலில் வட்டமாக உட்காரவைத்து, நாளைக்குத் தண்ணீரில் எப்படி இருக்க வேண்டும் என்று நிமி விளக்கினாள். முடித்ததும் வேல்முருகன் தானாக எழுந்தான். மேடையில் பேசிப் பழகிய குரல் வந்திருந்தது அவனுக்கு. இதே மாதிரி ஒரு முகாமில் ஒரு பெண்ணின் திமிரால் தன் மனைவி சாகக் கிடந்த கதையைச் சொன்னான். அவள் போட்டோவுக்காக எழுந்து நின்றாள், நான் குதித்துக் காப்பாற்றினேன் என்றான். போன தடவை பக்கத்தில் இருந்தவன் இந்தத் தடவை குதித்திருந்தான். பேசும்போது இந்துவின் தோளில் கையை வைத்திருந்தான். அந்தப் பெண் யார் அண்ணே என்று ஒரு பையன் கேட்டான். பேர் எதுக்கு, அதோட அப்பனே ஊர் முன்னால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டாரு, போகட்டும் என்று பெருந்தன்மையாகச் சொன்னான். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

வட்டத்துக்குப் பின்னால் நின்று பூமாரி அந்தக் கையைப் பார்த்தாள். மோதிரம் இப்போது தங்கத்தில் இருந்தது.

காலையில் கடல் நன்றாக இருந்தது. பிள்ளைகள் பாதிப் பேர் போய்வந்த பிறகு, தலைவர் போகலையா என்று யாரோ உசுப்பிவிட்டார்கள். நீச்சல் தெரியாதவர்களோடு பயிற்சியாளர் போக வேண்டும் என்பது முகாமின் விதி; குதித்துக் காப்பாற்றியவனுக்கு இன்னும் நீச்சல் தெரியாது. பூமாரி அவனுக்கு ஜாக்கெட் மாட்டிவிட்டாள். ஒவ்வொரு பட்டையையும் தானே இழுத்து, பூட்டு மாட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்து, விரல் நுழையாதபடி இறுக்கினாள். நல்லா பாத்துக்கிறீங்க என்று அவன் சிரித்தான். அவன் சாவது அவளுக்கு வேண்டியதில்லை. செத்தவன் பயப்பட மாட்டான்.

அவனை முன்னால் உட்காரவைத்து, பின்னால் இவள் உட்கார்ந்து, அலையைக் கடந்து துடுப்புப் போட்டாள். கரையில் இருப்பவர்கள் பொம்மை அளவுக்குச் சிறுத்ததும் நிறுத்தினாள். அவன் கையிலிருந்த துடுப்பைக் கேட்டாள். கொடுத்தான். அதைத் தன் பக்கம் படகில் செருகிவிட்டு, தொப்பியைக் கழற்றினாள்.

“திரும்பிப் பாருங்கண்ணே” என்றாள் தமிழில்.

அவன் திரும்பிப் பார்த்தான். முதலில் குரல்தான் அவனுக்குப் பிடிபட்டது, பிறகு முகம். அப்புறம், இங்கேதான் இருக்கிறாயா, நல்லா இருக்கிறாயா என்று ஏதேதோ கேட்டான். கரைக்கு விடச் சொன்னான். அவள் விடவில்லை. அவன் குரல் மாறியது. போலீசுக்குப் போவேன், உன் வேலை போய்விடும் என்றான். போகட்டும் என்றாள்.

நேற்றைக்குச் சொன்ன கதையை இப்போது சொல்லு என்றாள். இங்கே கேட்க யாரும் இல்லை, கடல்தான் இருக்கிறது, நடந்ததை நடந்தபடி சொல்லு. அவன் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு சுற்றும் பார்த்தான். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம், விளையாட்டுக்குத்தான் செய்தேன், அவள் தலையில் அடிபடும் என்று யார் கண்டது, போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன் என்றான். அதற்கப்புறம் திருப்பிச் சொல்ல வழியில்லாமல் போய்விட்டது. இந்துவுக்குத் தெரிந்தால் தன் குடும்பமே போய்விடும் என்றான்.

“எங்கப்பா காலுல விழுந்தாரே. ஜீப்புல சாஞ்சு நின்னு பாத்துக்கிட்டுதான இருந்த.”

“அதுக்கு நான் என்ன செய்வேன்? நானா அவர விழச் சொன்னேன்?”

இந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று பூமாரிக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டதும் அவள் உடம்பு தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. படகு சுத்தமாகப் புரண்டது.

வேல்முருகன் முங்கி மேலே வந்தான். ஜாக்கெட் அவனைத் தலை வெளியே நிற்கும்படி பிடித்துக்கொண்டது. ஆனால் அது அவனுக்குத் தெரியவில்லை. கையையும் காலையும் அடித்துத் தண்ணீரைக் குடித்தான், இருமினான், அம்மா அம்மா என்று கூப்பிட்டான். பூமாரி கை எட்டாத தூரத்தில் மிதந்துகொண்டு பார்த்தாள். அவன் இவள் பக்கம் பாய்ந்தால் ஒரு உதை உதைத்துப் பின்னால் போய்க்கொண்டாள். தன் அப்பா களத்தில் எழுந்து நின்றபோது முகம் எப்படி இருந்தது என்று அவளுக்கு நினைவில்லை. அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். அந்த முகத்தை இத்தனை வருஷம் அவளாகக் கற்பனை செய்து பார்த்திருக்கிறாள். இப்போது இந்த முகத்தைப் பார்த்தாள். நன்றாக, அவசரம் இல்லாமல் பார்த்தாள். அவளுக்குள் குளிர்ந்தது.

கரையில் நிமியின் விசில் கேட்டது. அவள் மீட்புப் பலகையைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு துடுப்படித்து வருவது தெரிந்தது. அதற்கு மேல் பூமாரி தாமதிக்கவில்லை. படகை நிமிர்த்தி, அவனைப் பின்னால் இருந்து பிடித்து, மீனைத் தூக்கிப் போடுகிற மாதிரி குப்புறப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தாள்.

அவன் மணலில் நாலு காலில் கிடந்து வாந்தி எடுத்தான். மன்றத்துப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். இந்து ஓடி வந்து அவன் முதுகைத் தடவினாள். அப்போதுதான் பூமாரியின் முகத்தை நேராகப் பார்த்தாள். களிம்பெல்லாம் கடலில் கழுவிப் போயிருந்தது. தடவின கை நின்றுவிட்டது.

வேல்முருகன் எழுந்தான். பிள்ளைகள் முன்னால் அழுததும், அம்மா என்று கூப்பிட்டதும் அவனுக்குத் தாங்கவில்லை போலும். பூமாரியைக் கையை நீட்டிக் காட்டிக் கத்தினான்.

“இவ வேணும்னே கவுத்துட்டா. நான் அன்னைக்கு வெளையாட்டுக்குத்தான் கவுத்தேன். இவ மனசுல வச்சிருந்து என்னையக் கொல்லவே கவுத்துட்டா.”

சொல்லி முடித்த பிறகும் அவனுக்கு உறைக்கவில்லை. இன்னும் என்னவோ கத்திக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினான். நேற்று கைதட்டிய பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞானஜோதி மெதுவாக இந்துவின் பக்கம் நகர்ந்து நின்றாள்.

“எப்ப கவுத்தீக?” என்று கேட்டாள் இந்து.

அவன் அவளைப் பார்த்தான். அதில்லம்மா என்று ஆரம்பித்தான். குளிரில் உளறிவிட்டேன் என்றான், இவள் கடலுக்குள் மிரட்டிச் சொல்ல வைத்தாள் என்றான். இந்து அதையே மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது அவன் மணலைப் பார்த்தான். அவள் தன் நெற்றித் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கூடாரத்துக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, ஞானஜோதியைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு, ரோட்டுக்கு நடந்தாள். பூமாரியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பூமாரியும் கூப்பிடவில்லை.

நிமி அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டாள். திட்டவில்லை. நம்பித் தண்ணீரில் இறங்குகிறவனைக் கவிழ்த்தவளை இங்கே வைத்துக்கொள்ள முடியாது என்று மட்டும் சொன்னாள். அது நியாயம் என்றுதான் பூமாரிக்கும் பட்டது. துணியை மடித்துக் கட்டும்போது, இதைத் திரும்பச் செய்வாயா என்று நிமி கேட்டாள். செய்வேன் என்றாள்.

வேல்முருகன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். எதற்காக உங்களைக் கவிழ்த்தாள் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். பதிலை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றதும், புகார் வேண்டாமென்று திரும்பிவிட்டான். அதற்குள் ஞானஜோதி தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டாள். கூட்டாமலும் குறைக்காமலும், பூமாரி கவிழ்த்ததையும் சேர்த்துத்தான் சொன்னாள். தேர்தலுக்கு வேறு ஆளை நிறுத்தினார்கள். மன்றத்துப் பலகையில் அவன் பெயரை யாரோ சுரண்டி எடுத்தார்கள். இந்து குழந்தையோடு அம்மா வீட்டிலேயே இருந்துகொண்டு, பேக்டரியில் தேயிலை சலிக்கிற வேலைக்குப் போனாள்.

பூமாரி அப்பாவின் பழைய சாமான்களை எடுக்க லயத்துக்குப் போயிருந்தபோது அழகுத்தாய் வந்தாள். வாசலில் நின்று அழுதாள். கண்ணிருந்தும் குருடியாய்ப் போனேன், ஒரு தாயாய் நினைத்து மன்னித்துவிடு புள்ள என்றாள். காலைத் தொடக் குனிந்தாள். பூமாரி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

“எனக்கு எதுக்கு சித்தி? விழ வேண்டியவரு மேட்டுல படுத்துக் கெடக்காரு. அங்க போயி சொல்லுங்க.”

யார் காலில் விழ வேண்டுமோ அவர் என்பதை, விழ வேண்டியவர் என்று மாற்றிச் சொல்லிவிட்டதை அவள் கவனிக்கவில்லை, அழகுத்தாய்க்குப் புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனாள். மேட்டுக்குப் போனாளா இல்லையா என்று பூமாரி விசாரிக்கவில்லை.

இந்துவை அவள் பார்த்தது குமுளி பஸ் ஸ்டாண்டில். குழந்தை இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் பஸ்களின் போர்டைப் படித்தபடி நின்றார்கள். இந்துதான் முதலில் பேசினாள்.

“ஏட்டி, ஒனக்கு ஒம்பேரு திரும்பக் கெடச்சிருச்சு. எனக்கு என்னட்டி கெடச்சுது?”

தெரியாமலே அவனோடு காலம் பூரா இருந்திருப்பது நல்லதா என்று பூமாரி கேட்டாள். இந்து குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். இல்லை என்றாள். ஆனால் அவளுடைய சொல்லில் நன்றி இல்லை. பஸ் வந்ததும் குழந்தையின் தலையைக் கையால் மறைத்துக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் ஒருதரம் இவளைப் பார்த்தாள். அவ்வளவுதான். ஒரே போர்வைக்குள் கிடந்த அந்த நாட்களை எந்தக் கவிழ்ப்பும் திருப்பிக் கொண்டுவராது என்பது பூமாரிக்கு அங்கே நின்றபோது விளங்கியது. வலித்தது. அந்த வலியும் சேர்ந்து வேல்முருகன் மேல்தான் போய் விழுந்தது.

இப்போது பூமாரி வடக்கே, கண்ணூர்ப் பக்கத்துக் கடற்கரை ஒன்றில் வேலை செய்கிறாள். நடந்ததை அங்கே சேரும்போதே சொல்லிவிட்டாள், யோசித்துத்தான் எடுத்துக்கொண்டார்கள். போன மாசி மாதம் வேல்முருகன் அங்கே தேடி வந்தான். மெலிந்திருந்தான். ஜீப்பை ரோட்டில் விட்டுவிட்டு, மணலில் வெகுதூரத்திலேயே நின்று கூப்பிட்டான். அவள் முழங்கால் தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்துவிடம் ஒரு வார்த்தை பேசு, நீ சொன்னால் கேட்பாள், குழந்தை முகத்தைப் பார்த்து மாதக்கணக்காயிற்று என்று அங்கிருந்தே சத்தமாகச் சொன்னான். காற்றில் பாதி வார்த்தை போய்விட்டது.

“பேசணும்னா இங்க வாங்க” என்றாள் பூமாரி.

அவன் இரண்டடி வைத்தான். ஒரு அலை நுரையோடு ஏறி அவன் செருப்புக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. அவன் பின்னால் நகர்ந்தான். அவள் காத்திருந்தாள். இன்னொரு அலை வந்தது. இன்னும் பின்னால் போனான். கோயம்புத்தூரிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள் ஜாக்கெட்டோடு வரிசையில் நின்று இதை வேடிக்கை பார்த்தார்கள். யாரு அக்கா அது என்று ஒருத்தி கேட்டாள்.

எங்க ஊர்க்காரர், தண்ணின்னா பயம் என்று சொல்லிவிட்டு, பூமாரி அந்தப் பெண்ணின் ஜாக்கெட்டுப் பட்டையை இழுத்து இறுக்கினாள். அடுத்த படகை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது மணலில் யாரும் இல்லை.